புறப்படுமுன் வந்து சேருகிறவர்

மேடான் நகரத்தில் எந்த ஊர் எவ்வளவு தூரம் என்று சந்தேகம் வந்தால், மரோலோப் சிமாங்குன்சோங்கைக் கேட்பார்கள். கேட்காவிட்டாலும் அவர் சொல்லிவிடுவார் என்பது வேறு விஷயம்.

முப்பத்தொரு வருடம் மாகாணப் போக்குவரத்து அலுவலகத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். அங்கே அவர் பார்த்த வேலை தோபா ஏரிப் படகுகளுக்கு உரிமம் புதுப்பிப்பது. படகுக்கும் விமானத்துக்கும் என்ன சம்பந்தம் என்று யாரும் கேட்டதில்லை. போக்குவரத்து என்றால் போக்குவரத்துதானே. ஓய்வு பெற்ற அன்று அலுவலகத்தார் ஒரு கைக்கடிகாரம் கொடுத்தார்கள். மறுநாளே அவர் அட்டவணை எழுத உட்கார்ந்துவிட்டார். ஜகார்த்தா, சிங்கப்பூர், பாங்காக், மணிலா, சைகோன் என்று இருபத்தெட்டு நகரங்கள். எதிலிருந்து எதற்கு எத்தனை கிலோமீட்டர், பறக்க எத்தனை நிமிடம். தட்டச்சு செய்து, பிளாஸ்டிக் உறை போட்டு, வரவேற்பறையில் இயேசுவின் கடைசி விருந்துப் படத்துக்கும் தன் பணி ஓய்வுப் படத்துக்கும் நடுவில் மாட்டினார். அந்த இருபத்தெட்டில் அவர் நேரில் பார்த்தவை மூன்று. அதில் ஒன்று மேடான்.

அந்த அட்டவணையில் அவருக்குச் செல்லமான வரி ஒன்று உண்டு. பினாங்கிலிருந்து மேடான்: கடலுக்கு மேலே ஏறக்குறைய இருநூற்றைம்பது கிலோமீட்டர், ஐம்பத்தைந்து நிமிடம். பினாங்கின் கடிகாரம் மேடான் கடிகாரத்தைவிட ஒரு மணி நேரம் முந்தி ஓடுகிறது. இந்த இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் என்ன வருகிறது என்பதைச் சொல்வதற்காகவே அவர் கல்யாண வீடுகளுக்கும் சாவு வீடுகளுக்கும் தவறாமல் போய்க்கொண்டிருந்தார்.

தங்கை சவுலினாவின் மகன் பார்லினுக்குக் கல்யாணம் நிச்சயமானபோதும் அதுதான் நடந்தது. கைப்பேசி என்ற ஒன்றை மேடான் இன்னும் பார்த்திராத வருடங்கள் அவை. சவுலினாவின் வீட்டில் எல்லோரும் பாய் விரித்து உட்கார்ந்து நாள் நேரம் பேசிக்கொண்டிருந்தார்கள். பாலிகே சந்தையில் மீன் விற்கிற தம்பி பிஸ்தோக்கும் வந்திருந்தான். மீன் ஏலத்தில் பழகிய தொண்டை. அவன் காதோடு பேசினாலும் அடுத்த வீட்டுக்குக் கேட்கும்.

"கல்யாணம் சனிக்கிழமை. வியாழன், வெள்ளி ரெண்டு நாளும் எனக்குப் பினாங்குல ஆஸ்பத்திரி. நெஞ்செரிச்சலுக்கு முழுசாப் பாக்கச் சொல்லியிருக்கேன்" என்றார் மரோலோப்.

"ஏண்ணே, அந்த நெஞ்செரிச்சல் அடுத்த வாரம் எரியாதா?" என்றாள் சவுலினா.

"டாக்டர் குடுத்த தேதிம்மா அது. மாத்த முடியாது."

டாக்டர் மூன்று தேதிகள் கொடுத்திருந்தார் என்பது அவர் மனைவி தியோமினாருக்குத் தெரியும். இந்தத் தேதியை அவர் ஏன் பிடித்துக்கொண்டார் என்பதும் தெரியும். போன மாதம் ஒரு சாவு வீட்டுக்கு அவர்கள் தேவாலயத்து மூப்பர் ஒருவர், பினாங்கு ஆஸ்பத்திரியின் பெயர் பெரிதாக அச்சிட்ட எக்ஸ்ரே பையைக் கையில் பிடித்தபடி, விமான நிலையத்திலிருந்து நேராக வந்திருந்தார். அன்று செத்தவரை யாரும் சரியாகப் பார்க்கவில்லை. மரோலோப்புக்கு அன்றிலிருந்துதான் நெஞ்செரிச்சல்.

"அப்போ நீ எப்பண்ணே வந்து சேருவே?" என்றான் பிஸ்தோக்.

மரோலோப் இதற்காகத்தான் காத்திருந்தார். சட்டைப்பையிலிருந்து அட்டவணையின் சின்னப் பிரதியை எடுத்தார். படிப்பதற்கு இல்லை, பிடித்துக்கொள்வதற்கு. "சனிக்கிழமை காலையில பத்து மணிக்குப் பினாங்குல ப்ளேன் ஏறுவேன். ஒன்பது அம்பத்தஞ்சுக்கு மேடான்ல இறங்குவேன்."

"பின்னாடியேவா போகுது அந்த ப்ளேன்?"

"நேரம்டா, நேரம்! புறப்படறதுக்கு அஞ்சு நிமிஷம் முன்னாடியே வந்து சேந்துடுவேன். பத்தரைக்குத் தேவாலயம். நீ பாலிகேயிலேர்ந்து பஸ்ல ஏழு மணி நேரம் குலுங்கிக் குலுங்கி வா. ரெண்டும் கிட்டத்தட்ட ஒரே தூரம்தான். ஆனா பாரு, உனக்கு ஏழு மணி, எனக்கு மைனஸ் அஞ்சு நிமிஷம்."

"எனக்கு எதுக்குண்ணே அவ்வளவு சீக்கிரம்? நான் முந்தின நாளே வந்து படுத்துக்கறேன்."

எல்லோரும் சிரித்தார்கள். சவுலினா மட்டும் சிரிக்கவில்லை. "விளையாட்டில்லண்ணே. மாப்பிள்ளைக்குத் தாய்மாமன் நீ. நீ உலோஸ் போர்த்தி வாழ்த்தினாத்தான் அது கல்யாணம். மண்டபத்துல பேச்சு நடத்தறவர் ஒருத்தருக்காகவும் நிறுத்த மாட்டார். முறை வரும்போது பெரிய மாமன் இல்லேன்னா சின்ன மாமனைக் கூப்பிட்டுடுவாரு. அப்புறம் என்கிட்ட மூஞ்சியத் தூக்காதே."

உலோஸ் என்பது கையால் நெய்த சால்வை. ஆனால் தாய்மாமன் கையிலிருந்து மருமகன் தோளில் விழும்போது அது வெறும் சால்வை இல்லை. தான் மூத்தவனாய் உயிரோடு இருக்க, மீன் வாசனை அடிக்கிற கையால் தம்பி அதைப் போர்த்துவதா? மரோலோப்புக்கு நினைக்கவே நெஞ்சு எரிந்தது; இந்த முறை நிஜமாகவே.

"உலோஸை நான் கையோட கொண்டு போறேன். ஏர்போர்ட்லேர்ந்து நேரா வந்துடறேன்" என்றார்.

"ஆஸ்பத்திரிக்கு எதுக்குங்க உலோஸ்?" என்றாள் தியோமினார்.

"மினார், பயணத்தைப் பத்தி எனக்குத் தெரியும்."

வியாழக்கிழமை விமானம் மேலே எழும்பிச் சீட்டுப் பட்டை விளக்கு அணைந்ததும், மரோலோப் கைக்கடிகாரத்தைக் கழற்றி, பக்கத்துச் சீட்டுக்காரர் பார்க்கும்படி உயர்த்திப் பிடித்து, ஒரு மணி நேரம் முன்னால் திருகினார். "பினாங்கு நேரம்" என்றார். பக்கத்துச் சீட்டுக்காரர் வாரா வாரம் போய் வருகிற துணி வியாபாரி. தலையாட்டிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார்.

ஆஸ்பத்திரியில் இரத்தம் எடுத்தார்கள், படம் எடுத்தார்கள், ஓடுகிற பட்டையின் மேல் நடக்கவிட்டார்கள். வெள்ளிக்கிழமை மத்தியானம் டாக்டர் எல்லாத் தாள்களையும் புரட்டிப் பார்த்துவிட்டு, பன்றிக் கொழுப்பைக் குறையுங்கள், தினமும் நடங்கள் என்றார். இதையேதான் தெருமுனையிலிருக்கிற சுகாதார நிலையத்து நர்ஸ் ஆறு வருடமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். ஆனால் அவளிடம் பை இல்லை. பினாங்குக்காரர்கள் பை கொடுத்தார்கள்: நல்ல கெட்டியான, கைப்பிடி வைத்த, இரண்டு பக்கமும் பெயர் போட்ட பை. மரோலோப் அதைப் பெயர் தெரிகிற பக்கமாகப் பிடித்துப் பழகிக்கொண்டார். இரண்டு பக்கமும் பெயர் இருந்ததால் சீக்கிரமே பழகிவிட்டது.

சாயங்காலம் ஓட்டல் அறையில் பெட்டி கட்டும்போது அவர் கைக்கடிகாரத்தைக் கழற்றி ஒரு மணி நேரம் பின்னால் திருகினார்.

"இப்பவே எதுக்குங்க?" என்றாள் தியோமினார்.

"நாளைக்கு மேடான் போறோமில்ல. மேடான் நேரம் இப்பவே வெச்சாச்சு. கல்யாணப் பரபரப்புல மறந்துட்டா? முன்கூட்டியே தயாரா இருக்கறவன்தான் பயணி."

"இன்னும் பினாங்குலதானே இருக்கோம்?"

"உடம்பு இங்க இருக்கு. மனசு மேடானுக்குப் போயாச்சு."

மனசு எங்கே வேண்டுமானாலும் போகலாம், அதற்குச் சீட்டு வேண்டாம் என்று சொல்ல நினைத்து, தியோமினார் உலோஸை மடித்துப் பெட்டியில் வைத்தாள்.

சனிக்கிழமை காலையில் மரோலோப் எழுந்தபோது, கல்யாணத்தில் பேசப்போகிற பேச்சு மட்டும்தான் தலையில் இருந்தது. 'காலத்தை முந்திக்கொண்டு வந்த மாமன்' என்று அதற்கு மனசுக்குள் பெயர்கூட வைத்திருந்தார். முந்தின நாள் திருகிய திருகாணி சுத்தமாக மறந்து போயிருந்தது. சிற்றுண்டி அறையில் கஞ்சி, அவித்த முட்டை, ரொட்டி, இரண்டாவது கோப்பை காப்பி.

"அந்தச் சுவத்துக் கடிகாரம் எட்டே முக்கால் காட்டுது" என்றாள் தியோமினார்.

அவர் கையைப் பார்த்தார். ஏழே முக்கால். "ஓட்டல்காரன் வேணும்னே வேகமா வெச்சிருப்பான். சீக்கிரம் காலி பண்ணட்டும்னு."

"நேத்து சாயங்காலம் நீங்க திருகினீங்களே..."

"ப்ளேன்லதான் திருகினேன், மினார். வியாழக்கிழமை. நீ தூங்கிட்டிருந்தே. ரொட்டியை முடி."

தியோமினாருக்குக் கூட்டிக் கழிக்கத் தெரியும். ஆனால் இந்த முன்னே பின்னே கணக்கை இவர் ஒரு மாதமாக விளக்கி விளக்கி, எந்த ஊர் முந்தி, எந்த ஊர் பிந்தி என்பதே அவளுக்கு இப்போது நிச்சயமில்லை. ரொட்டியை முடித்தாள். மரோலோப் மூன்றாவது கோப்பை கேட்டார்.

விமான நிலையத்தில் அவர் பையை முன்னால் பிடித்துக்கொண்டு நடந்தார். மேடான் கவுண்டரில் விளக்கு அணைத்திருந்தது. பக்கத்துக் கவுண்டரிலிருந்த பெண் சீட்டை வாங்கிப் பார்த்தாள்.

"ஐயா, இது பத்து மணி ப்ளேன்."

"தெரியும்மா. ஒரு மணி நேரத்துக்கு மேல இருக்கே. ஏன் கவுண்டரை மூடி வெச்சிருக்கீங்க? எங்க ஆபீஸா இருந்தா இந்நேரம்..."

"ஐயா, மணி ஒன்பது அம்பது. கதவைச் சாத்திட்டாங்க."

மரோலோப் கடிகாரத்தை அவள் முகத்துக்கு நேரே நீட்டினார். அவள் அதைப் பணிவாகப் பார்த்தாள். பிறகு தன் தலைக்கு மேலிருந்த பெரிய கடிகாரத்தைக் காட்டினாள். பிறகு, அந்தக் கவுண்டரில் இது அவளுக்கு முதல் தடவை இல்லை போலும், மெதுவாகக் கேட்டாள்: "கடிகாரத்தை இப்பவே மேடான் நேரத்துக்கு மாத்திட்டீங்களா, ஐயா?"

தியோமினார் பெட்டியைக் கீழே வைத்தாள்.

கண்ணாடிச் சுவர் வழியாக இருவரும் பார்த்துக்கொண்டு நின்றார்கள். விமானம் சரியாகப் பத்து மணிக்கு எழும்பியது. அட்டவணையில் ஒரு நிமிடப் பிழைகூட இல்லை.

அடுத்த விமானம் மூன்றரைக்கு.

"மண்டபத்துக்குப் போன் பண்ணிச் சொல்லிடலாம்" என்றாள் தியோமினார்.

"வேண்டாம்! சொன்னா உடனே பிஸ்தோக்கைக் கூப்பிட்டு எந்திரிக்க வெச்சுடுவாங்க. சொல்லலேன்னா இதோ வந்துட்டிருக்கார்னு கொஞ்சம் பாப்பாங்க."

"உலோஸ் நம்ம பெட்டியில இருக்குங்க. பார்லின் வெறுந்தோளோட நிப்பான்."

தங்கை மகன் பிறந்த அன்று ஆஸ்பத்திரிக்கு முதலில் ஓடியவர் அவர்தான். அன்று அட்டவணை இல்லை. கிடைத்த சைக்கிள் ரிக்‌ஷாவில் ஏறி, பாதி வழியில் சங்கிலி கழன்று, மீதி தூரம் ஓடிப் போனார். அந்தக் குழந்தையின் முறை வரும்போது தான் இங்கே பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருக்கப் போவது அப்போதுதான் முழுசாக உறைத்தது. எக்ஸ்ரே பையைக் காலுக்கடியில் தள்ளினார்.

தியோமினார் கைப்பையில் சில்லறை தேடினாள். "போய்த் தேத்தண்ணி வாங்கிட்டு வரேன்" என்று போனாள். கால் மணி நேரம் கழித்து வெறுங்கையோடு வந்தாள். அவர் கவனிக்கவில்லை. காரணம் தேடிக்கொண்டிருந்தார்.

"மினார், மூடுபனின்னு சொல்லிடலாமா?"

அவள் கண்ணாடிக்கு வெளியே பார்த்தாள். துவைத்துக் காயப்போட்ட மாதிரி நீலமாக இருந்தது வானம். "மேடான்ல இருக்கறவங்களும் தலையைத் தூக்கிப் பாப்பாங்க."

"என்ஜின் கோளாறு?"

"பத்து மணிக்குப் போச்சே, அந்த ப்ளேன்ல வந்து எறங்கினவங்க யாராச்சும் கல்யாணத்துக்கும் வந்திருந்தா?"

மேடானுக்கு எந்த ப்ளேன் வந்தாலும் அதில் தெரிந்தவர் யாராவது இருப்பார்கள். அவர் என்ஜினையும் விட்டுவிட்டார்.

மூன்றரை மணி விமானம் மூன்று இருபத்தைந்துக்கு மேடானில் இறங்கியது. உள்ளூர் நேரம் இன்னது என்று பணிப்பெண் அறிவித்ததும், விமானத்திலிருந்த எல்லோரும் கையைத் திருப்பித் திருகாணியைப் பிடித்தார்கள். மரோலோப் மட்டும் பிடிக்கவில்லை. அவருடைய கடிகாரம் நேற்று சாயங்காலத்திலிருந்தே மேடான் நேரத்தை மிகச் சரியாகக் காட்டிக்கொண்டிருந்தது.

ரிக்‌ஷா மண்டப வாசலில் நின்றபோது மணி நாலு. உள்ளே வாழ்த்துப் பாட்டு கேட்கும், அல்லது ஒன்றுமே கேட்காது என்று நினைத்திருந்தார். கேட்டது தம்பியின் குரல். குரலென்றும் சொல்ல முடியாது, கிழிந்த சாக்கைத் தரையில் இழுக்கிற மாதிரி ஒரு சத்தம்.

வாசலில் சவுலினா நின்றிருந்தாள். பட்டு உடுத்தி, கொண்டையில் பொன் ஊசி செருகி, கண்ணில் நெருப்போடு.

"வந்துட்டியா? அஞ்சு நிமிஷம் முன்னாடி வர்ற மாமா!"

"சவுலி, என்ன நடக்குது உள்ளே?"

"ரெண்டு மணி நேரமாச் சண்டை நடக்குது. கேளு."

சண்டை பன்றிப் பங்கைப் பற்றியது. விருந்துப் பன்றியின் தாடை யாருக்கு, கழுத்து யாருக்கு, வால் பக்கத் துண்டு யாருக்கு என்பதெல்லாம் முறைப்படி முன்னமே பேசி முடிவானவை. முடிவானதை மறுபடி கிளப்புவது பாத்தா இனத்துக் கல்யாணங்களில் புதுசும் இல்லை. அதனால் மண்டபத்தில் யாரும் பதறவில்லை. பாதிப்பேர் துவாக் கள்ளைக் கோப்பையில் ஊற்றிக்கொண்டு, யார் பக்கம் நியாயம் என்று தங்களுக்குள்ளே பிரிந்து உட்கார்ந்திருந்தார்கள். தாய்மாமன் முறைக்கு அழைப்பு வரும்போதெல்லாம் பிஸ்தோக் எழுந்து, வால் துண்டு ஒரு விரற்கடை சின்னதாக வெட்டப்பட்டிருக்கிறது, இது எங்கள் வீட்டுக்கே அவமானம், பாட்டன் காலத்தில் இப்படி உண்டா என்று ஆரம்பித்திருக்கிறான். பாட்டனுக்குப் பாட்டன்வரை போய்த் திரும்பியிருக்கிறான். பெண் வீட்டார் பெரிய துண்டே கொடுக்கிறோம் என்றதும், அப்படியானால் தாடையைப் பற்றிப் பேசலாம் என்றிருக்கிறான்.

"இவனுக்கு என்ன புத்தி கெட்டுப்போச்சு? ஒரு துண்டு வாலுக்காக..." என்றார் மரோலோப்.

சவுலினா அண்ணியைப் பார்த்தாள். தியோமினார் உலோஸை எடுக்கப் பெட்டியின் மேல் குனிந்துகொண்டாள்.

"அண்ணி ஒன்பதரைக்கே போன் பண்ணினாங்க" என்றாள் சவுலினா. "மண்டபத்து ஆபீஸ்ல பிஸ்தோக்தான் எடுத்தான். எத்தனை மணிவரைக்கும் அண்ணின்னு கேட்டான். நாலுன்னாங்க. அய்யோன்னான். அப்புறம் போய் ஒரு சொம்பு தண்ணி குடிச்சுட்டு வந்து உக்காந்தான்."

மரோலோப் மனைவியைப் பார்த்தார். "தேத்தண்ணி வாங்கப் போறேன்னியே?"

"சில்லறை போன்லயே தீந்துடுச்சு" என்றாள் தியோமினார்.

அவர் உள்ளே நுழைந்ததும் பிஸ்தோக் பேச்சைப் பாதி வாக்கியத்தில் விட்டான். பாட்டன் நடுவழியில் நின்றுபோனார். "தாடை... சரி, தாடை உங்களுக்கே. எங்களுக்குச் சம்மதம்" என்று சொல்லிவிட்டுத் தொப்பென்று பாயில் உட்கார்ந்தான். பெண் வீட்டாருக்கு எதனால் ஜெயித்தோம் என்று புரியவில்லை.

பேச்சு நடத்துகிறவர் மரோலோப்பைப் பார்த்து முகம் மலர்ந்தார். அவரும் அந்த அட்டவணையை மூன்று சாவு வீடுகளில் கேட்டவர்.

"ஹோராஸ், மாமன் வீட்டு ஐயா! பினாங்கிலேர்ந்து நேரா வர்றீங்க போல. எல்லாரும் கேக்கட்டும், சொல்லுங்க. எவ்வளவு நேரம் ஆச்சு?"

ஒலிபெருக்கி அவர் வாய்க்கு அருகே வந்தது. முந்நூறு பேர் கோப்பையைக் கீழே வைத்தார்கள். மூடுபனி நாக்கு நுனிவரை வந்து நின்றது. தம்பி தொண்டையைப் பிடித்துக்கொண்டு தண்ணீர் கேட்டுச் சைகை செய்துகொண்டிருந்தான். நாளைக்கு விடிந்தால் பாலிகே சந்தை. இந்தத் தொண்டையை வைத்துக்கொண்டு அங்கே என்னத்தை ஏலம் கூவுவான்?

"எட்டு மணி நேரம்" என்றார் மரோலோப்.

"எத்தனை?"

"எட்டு. ஓட்டல்லேர்ந்து இங்க வரைக்கும். பாலிகே பஸ்ஸைவிட ஒரு மணி நேரம் ஜாஸ்தி. கடிகாரத்தை நான்தான் தப்பாத் திருகினேன்."

முதலில் யாரும் சிரிக்கவில்லை. காது தவறோ என்று பார்த்தார்கள். பிறகு மண்டபம் முழுதும் சிரித்தது. பிஸ்தோக் எதையோ சொல்ல வாயைத் திறந்தான், காற்றுதான் வந்தது. பக்கத்திலிருந்தவன் குனிந்து கேட்டுவிட்டு எல்லோருக்குமாகக் கத்தினான்: "அடுத்த தடவை பஸ்லயே வரச் சொல்றாரு! சன்னல் சீட்டு பிடிச்சு வெக்கறாராம்!"

'காலத்தை முந்திக்கொண்டு வந்த மாமன்' என்கிற பேச்சை மரோலோப் பேசவில்லை. "என் வீட்டுப் பேச்சை எல்லாம் என் தம்பி பேசிட்டான். எனக்கு ஒண்ணும் மிச்சமில்ல" என்றார். தியோமினார் உலோஸின் ஒரு முனையைப் பிடிக்க, அவர் மறுமுனையைப் பிடித்து, பார்லினையும் அவன் பெண்டாட்டியையும் சேர்த்துப் போர்த்தினார். போர்த்தும்போது, பிஸ்தோக்கும் வந்து ஒரு ஓரத்தைப் பிடிக்கும்படி தலையால் கூப்பிட்டார். அவன் கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு வந்தான். மீன் வாசனை அடிக்கத்தான் செய்தது. பார்லின் மாமனின் காதில், "வந்துட்டீங்களே மாமா, அது போதும்" என்றான். அவர் தலையை வேறு பக்கம் திருப்பிக்கொண்டார்.

சாயங்காலம் பங்கு இறைச்சியைக் கட்டிக்கொடுத்தபோது, பிஸ்தோக் சண்டையிட்டு ஜெயித்த வால் துண்டு மரோலோப் வீட்டுக்கே வந்தது. நல்ல கொழுப்பு, சுற்றிக் கொண்டுபோக இலை போதவில்லை. தியோமினார் சுற்றுமுற்றும் பார்த்தாள். எக்ஸ்ரே படங்களை உருவி நாற்காலியில் வைத்துவிட்டு, ஆஸ்பத்திரிப் பையில் இறைச்சியைப் போட்டு அவர் கையில் கொடுத்தாள்.

"கெட்டியான பை" என்றாள். "ஒழுகாது."

அவர் அதைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு நடந்தார். எதிரே, அந்தச் சாவு வீட்டில் பார்த்த மூப்பர் வந்தார். பையிலிருந்த பெயரை மரியாதையோடு படித்துவிட்டு, "ரிசல்ட் எப்படி வந்திருக்கு?" என்று விசாரித்தார்.

மரோலோப் பையைக் கொஞ்சம் உயர்த்தி எடை பார்த்தார்.

"வால் பக்கம்" என்றார். "ரெண்டு கிலோ இருக்கும்."